நூல் தாங்கும் அளவு

தூண்டில் ரீலின் முகப்பில் ஒரு சின்னத் திருகு உண்டு. டிராக் என்பார்கள். மீன் பலமாக இழுக்கும்போது எவ்வளவு நூலை விட்டுக்கொடுப்பது என்பதை அந்தத் திருகுதான் முடிவு செய்கிறது. இறுக்கி வைத்தால் ஒரு விரற்கடை கூட விடாது. தளர்த்தி வைத்தால் சரசரவென்று ஓடவிடும். மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடிப்பவர்களின் தடி இலேசானது, நூல் மெல்லியது. அவர்களுக்கு இந்தத் திருகுதான் உயிர்நாடி. மீன் மாட்டிய பிறகு அதைத் திருத்தப் போனால் காரியம் கெட்டுவிடும். தண்ணீரில் நூலை வீசுவதற்கு முன்பே, கையும் மனமும் பதறாமல் இருக்கும்போதே, அளந்து வைத்துவிட வேண்டும்.

எழுபது வயதைத் தாண்டிவிட்ட நான் என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். எதை விட்டுக்கொடுப்பது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைச் சண்டை வருவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சண்டை நடக்கும்போது எடுக்கிற முடிவுகளைக் கோபமோ பயமோதான் எடுக்கிறது.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம். தாமிரபரணியில் மண்புழுவும் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும் வைத்துக் கெண்டை, கெளுத்தி பிடித்த தலைமுறை. மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவன், ஆர்.கே. புரத்திலேயே வேர்விட்டுவிட்டேன். மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு, பிள்ளைகளை டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கவைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த வாழ்க்கைதான் என்னுடையதும். தூண்டில் மட்டும் நெடுங்காலம் கையில் இல்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு டெல்லி யமுனை பெரிய வேதனை. வஜிராபாத் தடுப்பணையிலிருந்து ஓக்லா வரை வெறும் 22 கிலோமீட்டர்தான். அந்த ஆற்றின் அழுக்கில் பெரும்பகுதி அந்தத் துண்டிலேயே சேர்ந்துவிடுகிறது. அதன் கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் தீர்த்தன் ஆற்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் மாலையில் மணாலி வண்டி ஏறினால், விடியும் நேரத்தில் ஔட் சுரங்கப் பாதைக்கு முன்னால் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து லார்ஜி, பன்ஜார் வழியாகக் குஷைனி. சாலையை ஒட்டியே ஆறு வரும். மேலே இருப்பது கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா. 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் காட்டின் பனியும் ஊற்றும்தான் தீர்த்தன்.

குல்லுப் பகுதியில் மற்ற ஆறுகள் பலவும் நீர்மின் திட்டங்களுக்குள் போய்விட்டபோது, தீர்த்தனை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று அங்குள்ள மக்கள் நின்றார்கள். பன்ஜாரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலேராம் ஷபாப் அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர். இன்று அந்த ஆறு தன் போக்கில் ஓடுவதற்கு அவரைப் போன்றவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முன்கூட்டியே தெளிவாக இருந்த மனிதர்கள் அவர்கள்.

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலைப் பின்னாளில் எழுதியவர், நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை. காஷ்மீருக்கு 1899-இல் வந்த முட்டைகள் கெட்டுப்போயின. மறு ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அவற்றைப் பொரிக்கவைத்து வளர்த்தவர் ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்திய பிராங்க் மிட்செல். அங்கிருந்து பழுப்பு டிரவுட் 1909-இல் குல்லுவுக்கு வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில், 1907-இல், எச்.சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் தொடங்கினார். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி பக்கம் இன்றும் வானவில் டிரவுட் இருப்பது அவருடைய முயற்சியால்தான். மூணாறுத் தேயிலைத் தோட்டக்காரர்களும் இலங்கையில் நுவரெலியாவில் இருந்தவர்களும் இதே வேலையைச் செய்தார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இமயமலை ஓடைகளுக்கென்று சொந்த மீன் இருக்கிறது. உத்தரகண்டில் அசேலா என்பார்கள். ஆங்கிலத்தில் பனி டிரவுட் என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் அது கெண்டைக் குடும்பம். பழுப்பு டிரவுட் அதன் இடத்தையும் இரையையும் பறிக்கிறது. அசேலா இன்று அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே உலகின் மிகக் கேடான 100 அயல் இனங்களின் பட்டியலில் உள்ளன. எனவே புதிய ஓடைகளில் டிரவுட் குஞ்சுகளை விட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூறாண்டுக்கு மேல் ஒரு ஆற்றில் வாழ்ந்துவிட்ட மீனை இனி வெளியேற்ற முடியாது. அது இல்லாத ஆறுகளையாவது அசேலாவுக்கு விட்டுவைக்கலாம்.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். 20-ஐத் தாண்டினால் திணறும். குளிர்ந்த நீரில்தான் உயிர்க்காற்று நிறையக் கரைந்திருக்கும். ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, பெரிய பாறைக்குப் பின்னாலோ வேகமும் நிதானமும் சந்திக்கிற ஓரத்திலோ நின்றுகொண்டு, தண்ணீர் கொண்டுவருகிற இரைக்காகக் காத்திருக்கும். முன்னாலும் பக்கவாட்டிலும் கண் நன்றாகத் தெரியும். நேர் பின்னால் தெரியாது. ஆகவே ஆள் கீழிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும், மேல்நோக்கியே வீச வேண்டும். தண்ணீரில் விழுந்த ஸ்பின்னர் என்ற செயற்கை இரையை ஓட்டத்தின் வேகத்தைவிடச் சற்றே வேகமாகச் சுற்றி இழுத்தால் அதன் தகடு சுழன்று மின்னும். அதற்கும் மெதுவாக இழுத்தால் கல்லில் போய் மாட்டும்.

டிரவுட் பிடிக்க ஈக் கொக்கி வைத்த ஃபிளை தூண்டிலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அது அழகான கலை, மறுக்கவில்லை. ஆனால் தீர்த்தன் கரையில் புதரும் மரமும் நெருங்கி நிற்கிற இடங்களில், தோள் வலியுள்ள கிழவனுக்கு, இலேசான ஸ்பின்னிங் தடிதான் தோது. ஐந்தரை அடி அல்லது ஆறடித் தடி. உள்ளங்கைக்குள் அடங்குகிற ரீல். ஒன்றரை கிராம் முதல் மூன்றரை கிராம் வரை எடையுள்ள ஸ்பின்னர். பிரான்சில் 1938-இல் ஆந்த்ரே முல்னார் தொடங்கிய மெப்ஸ் நிறுவனத்தின் சின்ன ஸ்பின்னர்கள் இன்றும் உலகெங்கும் டிரவுட் பிடிக்கின்றன. தடி, ரீல், சாமான் எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கும். பாறைகளின் மேல் நடக்க ஒரு கை காலியாக இருக்கும். இந்த வயதில் அதன் அருமை தெரிகிறது.

இந்த ரீலின் பிறப்பைக் கோயம்புத்தூர்க்காரர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆல்பிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்து நூற்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பழைய ரீல்களில் நூல் வெளியே போக உருளை சுழல வேண்டும். கனமான இரை இல்லாமல் அந்த உருளையைச் சுழற்ற முடியாது. மில்லில் நூல் உருளை அசையாமல் நிற்க, அதன் நுனியிலிருந்து நூல் உருவிக்கொண்டு வருவதைப் பார்த்தவருக்கு, தூண்டிலிலும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. தடை இல்லாமல் நூல் உருவிப்போவதால்தான் இரண்டு கிராம் எடையைக் கூட ஓடையின் அக்கரைக்கு வீச முடிகிறது.

இப்போது திருகுக்கு வருகிறேன்.

நான் பயன்படுத்துவது நான்கு பவுண்டு நூல். அதாவது ஏறத்தாழ 1.8 கிலோ இழுவிசை வரை அறாமல் தாங்கும். மாட்டுகிற டிரவுட் பெரும்பாலும் கால் கிலோ, அரைக் கிலோதான். இந்த நூல் எப்படி அறும் என்று கேட்கலாம். மீனின் எடை வேறு, திடீரென்று திரும்பி ஓட்டத்தோடு சேர்ந்து அது கொடுக்கிற வெட்டு வேறு. நூலில் போட்ட முடிச்சும் பலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். (முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைத்துக்கொள்ள வேண்டும், உலர்ந்த நைலான் உராய்ந்து சூடேறினால் அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும்.) அதனால் நூல் தாங்கும் பலத்தில் கால் பங்குக்குத் திருகை வைப்பது வழக்கம். வீட்டு வராந்தாவில் தடியை வளைத்துப் பிடித்து, நூல் முனையில் வில் தராசைக் கட்டி இழுத்து, 450 கிராம் காட்டும்போது நூல் நழுவத் தொடங்குகிறதா என்று பார்த்து வைப்பேன். என் பேத்திதான் தராசைப் பிடிப்பாள். "தாத்தா, இன்னும் மீனே இல்லியே, அதுக்குள்ள ஏன் இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டாள். மீன் இல்லாதபோதுதான் இதைச் செய்ய முடியும் என்றேன்.

அவளிடம் சொன்ன பதிலின் முழுப் பொருளும் அவளுக்கு அப்போது விளங்கியிருக்காது. என் வாழ்க்கையில் அது விளங்கிய இடம் ஒன்று உண்டு. எங்கள் அப்பா காலமான பிறகு ஊரில் வீட்டையும் நஞ்சையையும் பங்கு பிரிக்கும் பேச்சு வந்தது. மூன்று அண்ணன் தம்பிகள். நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாக்பூர் தாண்டியதும் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, எதைக் கேக்கப் போறீங்க? எதை விட்டுடப் போறீங்க? அங்க போய் யோசிக்க முடியாது." இருவரும் உட்கார்ந்து பேசினோம். வீடு ஊரில் இருக்கிற பெரியண்ணனுக்கே போகட்டும். வயலில் கூடக் குறைய வந்தாலும் வாய் திறக்கக் கூடாது. ஒன்றை மட்டும் விடக்கூடாது: அம்மா உயிரோடு இருக்கும்வரை முன்னறையும் திண்ணையும் அவளுடையவை, எழுத்தில் இருக்க வேண்டும்.

ஊரில் பேச்சு சூடாகத்தான் இருந்தது. பெரியண்ணன் டெல்லிக்காரனுக்கு மண்ணின் அருமை தெரியுமா என்றார். இன்னும் கடுமையாகவும் சொன்னார். எங்கே வளைவது, எங்கே வளையாமல் நிற்பது என்று ரயிலிலேயே முடிவாகிவிட்டதால் எனக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. அம்மாவின் அறை எழுத்தில் வந்தது. மற்றது எப்படிப் போயிற்றோ போயிற்று. பெரியண்ணன் கடைசிவரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார்; அவர் பிள்ளைகள் இன்றும் டெல்லிக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்குகிறார்கள். அப்போது எனக்கு டிரவுட்டும் தெரியாது, டிராக்கும் தெரியாது. என் மனைவி செய்தது என்ன என்பதைப் பிற்காலத்தில் தீர்த்தன் கரையில் அந்தத் திருகைக் கையில் பிடித்தபோதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

திருகைப் பற்றி இன்னும் சில சங்கதிகள் இருக்கின்றன. முதல் பாடமாக எனக்குச் சொல்லிக்கொடுத்த குஷைனிக்காரர், முப்பது வயதுகூட ஆகாதவர், ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பாபுஜி, அது ஓடும்போது சுற்றாதீர்கள்." மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, உருளை நழுவி நூலை விடுகிறது. அந்த நேரத்தில் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு அங்குலம் கூட உள்ளே வராது. ஒவ்வொரு சுற்றும் நூலில் முறுக்காக மட்டும் ஏறும். மீன் போன பிறகும் அந்த முறுக்கு நூலில் தங்கியிருந்து, அடுத்த வீச்சில் சுருண்டு சிக்காகும். நல்ல நூல் அப்படித்தான் பாழாகிறது.

எதிராளி ஓடட்டும். ஓட்டம் ஓய்ந்து தலை திரும்பும்போது சுற்றலாம். வீட்டில் ஒருவர் கொட்டித் தீர்க்கும்போது நடுவே நாம் எடுத்துவைக்கிற நியாயங்கள் எதையும் அருகில் கொண்டுவருவதில்லை. உறவில் முறுக்கைத்தான் ஏற்றுகின்றன. அலுவலகத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் இருப்பவருக்குக் கோபம் தணியுமுன் எழுதிய பதில் குறிப்பு கோப்பில் உட்கார்ந்துகொண்டு, இருவரும் ஓய்வு பெறும்வரை எழுந்திருக்காது. நியாயமான குறிப்பாகவே இருக்கலாம். மறுநாள் காலையில் எழுதியிருந்தால் அது பயன்பட்டிருக்கும்.

அடுத்தது, பெற்றோருக்கு வேண்டிய செய்தி. உருளையிலிருந்து நூல் வெளியேற வெளியேற, மிச்சமுள்ள நூல் சுற்றின் விட்டம் சிறுத்துக்கொண்டே போகும். திருகு அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் நூலை இழுக்கத் தேவையான விசை கூடிக்கொண்டே போகும். விட்டம் பாதியானால் விசை இரண்டு மடங்காகும். வெளியே கிடக்கிற நீள நூலை ஆற்று ஓட்டம் வேறு இழுக்கும். சிற்றோடையில் இருபது முப்பது அடிக்குள் முடிகிற ஓட்டத்தில் இது தெரியாது. பெரிய ஆற்றில் நெடுந்தூரம் ஓடுகிற மீனிடம் தெரியும். பக்கத்தில் இருந்தபோது சரியாக இருந்த அளவு, தொலைவில் போனபோது நூலை அறுத்துவிடும். அனுபவம் உள்ளவர்கள் மீன் தொலைவுக்குப் போகப் போகத் திருகை ஒரு பொடி தளர்த்துவார்கள்.

என் மகன் கனடாவில் இருக்கிறான். இந்த டெல்லித் தமிழ்ச் சமூகத்தில் பாதிப் பேரின் பிள்ளைகள் அப்படித்தான். ஒரே வீட்டில் இருந்தபோது "ஏன் இவ்வளவு நேரம்?" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி. கேட்டுவிட்டு இட்லியும் சட்னியும் எடுத்துவைப்போம். கேள்வியின் கனம் அதோடு போய்விடும். அதே கேள்வியைத் தொலைபேசியில், ஏறத்தாழ பத்து மணி நேர வித்தியாசத்தில், இட்லி இல்லாமல் கேட்கும்போது அது விசாரணையாகிவிடுகிறது. நாம் மாறவில்லை, அதே அன்புதான், அதே அக்கறைதான் என்று பெற்றோர் வருந்துகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. தூரம் கூடியிருப்பதால் அதே அளவு இப்போது அதிகமாக இருக்கிறது. பிள்ளை தள்ளிப்போகும்போது கேள்வியைக் குறைக்க வேண்டும், செய்தியைக் கூட்ட வேண்டும். முருங்கை பூத்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், மலை மந்திரில் சஷ்டிக் கூட்டம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களும் தாமாகச் சொல்வார்கள். என் மகன் சொல்கிறான்.

இவ்வளவு சொன்னதால், விட்டுக்கொடுப்பதே எப்போதும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருகை முழுக்கத் தளர்த்தி வைப்பவரும் மீனைக் கொல்கிறார். முதலில் முள் ஆழமாகப் பதியாது. பதிந்தாலும், மீன் ஓடிக்கொண்டே இருக்கும், இவர் விட்டுக்கொண்டே இருப்பார். அளவுக்கு மீறிய போராட்டத்தில் அதன் தசைகளில் அமிலம் சேர்ந்து, விடுவித்த பிறகும் நீந்த முடியாமல் செத்துப்போகும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சாவு இன்னும் நிச்சயம். மெல்லிய நூலில் பிடிப்பது கருணை என்று நினைக்கிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். திருகு அனுமதிக்கிற அளவு வரை அழுத்தம் கொடுத்து, சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விடுவதுதான் கருணை.

எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த சில வீடுகளை நான் அறிவேன். கேட்டதெல்லாம் கிடைத்த அந்தப் பிள்ளைகள் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் களைத்துப்போனார்கள். யாராவது ஒருவர் "இதுவரைதான்" என்று சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார்கள். அந்த "இதுவரை" எங்கே என்பதை அப்பாவும் அம்மாவும் பிள்ளை கேட்பதற்கு முன்பே தங்களுக்குள் பேசி வைத்திருக்க வேண்டும். பிள்ளை முன்னால் ஒருவர் இறுக்க, ஒருவர் தளர்த்த, நடுவில் அது படுகிற பாடு பெரிது.

கடைசியாக ஒன்று, ஓய்வு பெற்றவர்களுக்காக. மீன் பிடித்து முடித்து ரீலைப் பெட்டியில் வைக்கும்போது திருகை முழுக்கத் தளர்த்தி வைக்க வேண்டும். உள்ளே வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நடுவில் சில ரீல்களில் கம்பளித் துணி, சிலவற்றில் கார்பன். மாதக்கணக்கில் இறுகிய நிலையிலேயே கிடந்தால் அவை நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த பருவத்தில் மீன் இழுக்கும்போது நழுவாமல் பிடித்துக்கொண்டு நின்று, திடீரென்று விடும். நூல் அந்தத் திடுக்கில்தான் அறும். பதவியில் இருந்தபோது நம்மை இறுக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அது தேவைதான். ஓய்வு பெற்ற மறுநாளும் அதே இறுக்கத்தோடு வீட்டில் உட்கார்ந்து, காய்கறிக் கணக்கையும் மருமகளின் வேலை நேரத்தையும் கோப்பாகப் பார்க்கிற ஆட்கள் டெல்லியில் நிறைய. நல்லவர்கள், நேர்மையாக உழைத்தவர்கள். பூங்காவில் காலை நடையில் அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்குத் திருகு நினைவுக்கு வரும். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இளையவர்கள் யாராவது தீர்த்தனுக்குப் போக விரும்பினால் காலம் பார்த்துப் போங்கள். மார்ச், ஏப்ரல் நல்லது. பனி உருகி ஆறு கலங்கும் மாதங்களும் மழைக்காலமும் சரிப்படாது. 2023 ஜூலையில் குல்லு மாவட்டத்தை வெள்ளம் எப்படிப் புரட்டிப்போட்டது என்று எல்லோரும் பார்த்தோம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் தண்ணீர் மறுபடி கண்ணாடியாகத் தெளியும். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய இமாச்சல அரசு டிரவுட் ஆறுகளில் மீன்பிடிப்புக்குத் தடை போடுகிறது. பழுப்பு டிரவுட் அப்போதுதான் சரளைக் கற்களைக் குழித்து முட்டையிடும். முட்டை சரளைக்கு அடியில் கிடக்கும்போது அதன்மேல் ஆள் நடந்தால் நிறைய முட்டைகள் நசுங்கிவிடும். சாப்பிடத்தான் மீன் வேண்டும் என்றால் பண்ணை மீன் கிடைக்கிறது. பத்லிகுஹல் பண்ணையில் 1980-களின் இறுதியில் நார்வே உதவியோடு தொடங்கிய டிரவுட் வளர்ப்பு இன்று பல குல்லுக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அவர்களிடம் வாங்குங்கள்.

டெல்லிக்காரர்களுக்கு அந்த ஆற்றின்மேல் இன்னொரு கடமையும் இருக்கிறது. தீர்த்தன் லார்ஜியில் பியாஸில் சேர்கிறது. பியாஸ் தண்ணீரில் ஒரு பகுதி பண்டோ அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகச் சட்லெஜுக்குத் திருப்பப்பட்டு பக்ரா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1977-இல் இயங்கத் தொடங்கிய இணைப்பு அது. பக்ரா தண்ணீரில் டெல்லிக்கும் ஒரு பங்கு உண்டு, ஹரியானா கால்வாய்கள் வழியாக வருகிறது. தலைநகரின் குடிநீரில் தீர்த்தனும் கலந்திருக்கிறது.

ஆகவே போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வாங்காமல் ஆற்றில் கால் வைக்காதீர்கள். முள்ளின் பின்புறம் நிற்கிற எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். அசேலா மாட்டினால் அப்போதே விட்டுவிடுங்கள். அறுந்த நூலைக் கரையில் போடாமல், பையில் சுருட்டி டெல்லிக்கே கொண்டுவந்துவிடுங்கள்.